கடைசியா எப்ப குடிச்சாரு?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து ஆட்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்த வாரத்தில் எங்கள் வீட்டு டி.வி. அணையவே இல்லை. அம்மா சோற்றுத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, கடைசியில் 60 பேரைத் தாண்டியது. "நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கே, அதையும் இப்படித்தான் தூக்கிட்டு வருவாங்களா?" என்று அம்மா கேட்டபோது எனக்கு வாயே வரவில்லை. அண்ணன் குடிப்பது கடைச் சரக்கு, அங்கே அவர்களைக் கொன்றது மெத்தனால், அது வேறு இது வேறு என்று விளக்கியிருக்கலாம்தான். ஆனால் பெற்ற வயிற்றுக்கு அந்த விளக்கம் எதற்கு?

அன்று ராத்திரியே அம்மா, அண்ணி, சித்தப்பா மகன், நான் நான்கு பேரும் பேசி முடிவெடுத்தோம். மாடியில் ஷீட் போட்ட அறை ஒன்று இருக்கிறது. மூன்று நாள், அதிகம் போனால் ஒரு வாரம், அண்ணனை அதற்குள் வைத்துப் பூட்டிவிடுவது, வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுப்பது, எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு சொட்டு கொடுப்பதில்லை. இதில் அண்ணனுக்கும் சம்மதம். மறுநாள் காலையில் அவரே அம்மன் கோயிலுக்குப் போய் கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்து, அம்மா காலில் விழுந்துவிட்டு மாடிப்படி ஏறினார். நாங்கள் அழுதோம், சந்தோஷத்தில்தான்.

அந்தப் பூட்டு அண்ணனைக் கொல்லப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் நாங்கள் செய்ததையே இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் பாசத்தோடு செய்துகொண்டிருக்கிறார்கள்.

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலூர் முதுநகரில் டூவீலர் மெக்கானிக். எங்கள் வீடு வண்டிப்பாளையம் பக்கம். என்னைவிட பத்து வயது மூத்தவர், அப்பா போனபிறகு என்னைப் படிக்க வைத்தது அவர்தான். குடி முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருந்தது. ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை போனால் பாண்டிச்சேரி எல்லை, அங்கே விலை குறைவு, நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டியில் போய்வருவார்கள். கடலூர்க்காரர்களுக்கு அந்த ரோட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் ராத்திரிக்கு ஒரு குவார்ட்டர். அப்புறம் ரெண்டு. கடைசி இரண்டு வருஷம் ஒரு நாளைக்கு மூன்று குவார்ட்டர், அதில் முதல் கட்டிங் காலை ஏழு மணிக்கு. நம் பக்கம் டாஸ்மாக் திறப்பது மதியம் 12 மணிக்கு, ஆனால் அண்ணனுக்கு விடியும்போதே கை நடுங்க ஆரம்பித்துவிடும், அதனால் முந்தின நாளே வாங்கி டூல் பாக்ஸுக்குள் துணி சுற்றி ஒளித்து வைத்திருப்பார். "கை நின்னாத்தான் பாப்பா ஸ்பேனர் புடிக்க முடியும்" என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். அதை நான் சாக்குப்போக்கு என்று நினைத்துக்கொண்டு சண்டை போட்டேன். அது சாக்குப்போக்கே இல்லை. அந்தக் கட்டத்தில் அவர் சந்தோஷத்துக்காகக் குடிக்கவில்லை, நடுக்கத்தை நிறுத்துவதற்காகக் குடித்தார். பின்னாடி ஒருமுறை சொன்னார், கடைசி ஒரு வருஷம் ருசியே தெரியவில்லையாம், மருந்து மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றிக்கொண்டாராம்.

சரி, மாடி அறைக்கு வருகிறேன்.

புதன் ராத்திரி பத்து மணிக்குக் கடைசியாகக் குடித்தது. வியாழன் காலை கயிறு, கோயில், பூட்டு. மதியத்துக்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அண்ணி கொண்டுபோன காபி டம்ளரை வாங்கினார், வாய்க்குப் போவதற்குள் பாதி பனியன் மேலே கொட்டிவிட்டது, மீதியை அண்ணியே பிடித்துக் குடிக்க வைத்தார். குடித்ததும் வாந்தி. "விஷம் எறங்குது, நல்லதுதான்" என்று சித்தப்பா மகன் சொன்னார், நாங்களும் நம்பினோம். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிகாலை தடால் என்று சத்தம். கதவைத் திறந்தால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்து கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை, நாக்கைக் கடித்து ரத்தம். எங்கள் வம்சத்தில் யாருக்கும் வலிப்பு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்காது என்று இப்போது தெரியும். செய்ய வேண்டியது, பக்கத்தில் இடிக்கிற பொருளை எல்லாம் நகர்த்திவிட்டு, ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குவது. சாவி கொடுத்ததில் கெடுதல் எதுவும் நடக்கவில்லை, ரெண்டு நிமிஷம் போனதுதான்.

பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள், வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், சாயந்திரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குடிப்பாரா என்று யாரும் கேட்கவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது, ஏனென்றால் நாங்களும் சொல்லவில்லை. அம்மா என் கையை அழுத்தினார், நான் வாயை மூடிக்கொண்டேன். மானம் போய்விடுமாம்.

சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி இருக்கும். அண்ணன் கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். இடது கை காற்றில் எதையோ பிடித்திருக்கிறது, வலது கை திருகுகிறது. அதே பழக்கப்பட்ட திருகல், கடைசியில் ஒரு இறுக்கு, அப்புறம் விரல் நுனியால் தடவிப் பார்ப்பது. "பத்து பன்னெண்டு எடுடா" என்றார். கடையில் வேலை செய்கிற பையனைக் கூப்பிடுகிறார். "எடுடா சீக்கிரம், ஆளு நிக்கிறாரு." எங்கள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. எதிரே வண்டி இல்லை, பையன் இல்லை, கையில் ஸ்பேனரும் இல்லை. நடுநடுவே வேலையை நிறுத்திவிட்டுப் போர்வையிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து எறிந்தார், எறும்பாம். உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. அம்மா செய்வினை என்று சொல்லி வேப்பிலை ஒடிக்க ஓடினார். நான்தான் பயந்துபோய் தெரிந்த ஒருவரின் ஆம்னி வேனை எழுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அங்கே யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, வலிப்பு வந்து மூளை கலங்கிய ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கோரிமேடு ஜிப்மருக்கு ஓட்டினோம். இதை எழுதும்போதே உடம்பு கூசுகிறது. முள்ளோடை, கன்னியகோயில், கிருமாம்பாக்கம் என்று அதே ரோடு. ராத்திரி அந்த நேரத்தில் ஒயின் ஷாப் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தது. அண்ணன் பின்சீட்டில் எங்கள் மடியில் கிடந்தபடி இல்லாத நட்டைத் திருகிக்கொண்டே வந்தார்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா. அண்ணன் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், எங்கள் பக்கம் திரும்பி முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டார்: "கடைசியா எப்ப குடிச்சாரு?"

குடிப்பாரா, எவ்வளவு குடிப்பார், ஏன் குடிக்கிறார் என்று எதுவும் கேட்கவில்லை. கடைசியாக எப்போது. மூன்று நாளாக நாங்கள் சொல்லாமல் மறைத்ததை அந்த ஒரு கேள்வி உருவிவிட்டது. அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தார், "புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேடம், நாங்கதான் ரூம்ல போட்டுப் பூட்டி வெச்சோம்." டாக்டரம்மா திட்டவில்லை. "நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சிருக்கீங்க" என்றார். அப்புறம் ஊசி, மானிட்டர் என்று ஓட ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து வார்டில் வைத்து விளக்கினார்கள். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மூளையில் இரண்டு வேலை எப்போதும் நடக்கும், தூண்டிவிடுகிற வேலை, அடக்கிவைக்கிற வேலை. சாராயம் அடக்குகிற பக்கத்துக்குப் பலம் கொடுக்கும், அதனால்தான் குடித்ததும் பதற்றம் தணிந்து தூக்கம் வருகிறது. தினமும் இது நடந்தால் மூளை சும்மா இருக்குமா? தூண்டுகிற பக்கத்தை அதற்குச் சமமாக ஏற்றிக்கொண்டே போகும், வருஷக்கணக்கில். பொங்கலுக்குக் கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் குதிகாலை ஊன்றிச் சரிசமமாக இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கத்தார் திடீரென்று கயிற்றை விட்டால் எதிர்ப்பக்கம் என்ன ஆகும், மொத்தமும் மல்லாக்க விழும். குடியைச் சட்டென்று நிறுத்தியபோது அண்ணன் மூளைக்குள் அதுதான் நடந்தது. ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கும், முதல் இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம், இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் ஆள் நினைவு குழம்பிப்போவது வரலாம். அதற்கு டெலிரியம் என்று பெயர். தொழில் செய்கிறவர்கள் அந்த நேரத்தில் தங்கள் தொழிலையே காற்றில் செய்துகொண்டிருப்பது அடிக்கடி பார்க்கிற விஷயமாம். வைத்தியம் பார்க்காமல் விட்டால் டெலிரியத்தில் உயிரே போகும். எல்லாக் குடிகாரருக்கும் இது வராது, ஆனால் தினமும் அதிகமாகக் குடித்து, காலையில் கை நடுங்குகிற ஆளுக்கு வர வாய்ப்பு அதிகம்.

வைத்தியம் என்ன என்றால், அடக்குகிற பக்கத்துக்கு ஒத்தாசையாக டயாஸெபாம், லோராஸெபாம் மாதிரியான மருந்தைக் கொடுத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மூளை தானாகச் சமநிலைக்கு வரும்வரை கயிற்றை மெதுவாக விடுவது. கூடவே தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1. ரொம்ப நாள் குடித்தவர்கள் உடம்பில் இது வற்றிப்போய் இருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம், ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடுகிற அளவுக்கு. முதல் ஆஸ்பத்திரியில் ஏற்றிய குளுக்கோஸ் பாட்டிலை நினைத்து எனக்கு வயிறு கலங்கியது. நாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆறாவது நாள் "நான் எப்படி இங்க வந்தேன்?" என்று கேட்டார். அந்த மூன்று நாள் அவருக்கு ஞாபகமே இல்லை.

அதற்குப் பிறகுதான் குடிநோய் என்ற வார்த்தையே எங்கள் வீட்டுக்குள் வந்தது. எனக்கு அந்த வார்த்தை முதலில் பிடிக்கவில்லை, குடிக்கிறவனுக்கு நோயாளி என்று பட்டம் கொடுத்துத் தப்பிக்க வைக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. ஆனால் அதற்கு என்ன அடையாளம் என்று சொன்னபோது ஒவ்வொன்றும் அண்ணனைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதினாற்போல் இருந்தது. குடிக்க வேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதல், ஆரம்பித்தால் நிறுத்த முடியாமை, நிறுத்தினால் நடுக்கம், அதே போதைக்கு அளவு கூடிக்கொண்டே போவது, மற்ற எதிலும் நாட்டம் போய் நாள் முழுக்கக் குடியைச் சுற்றியே ஓடுவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது. இந்த ஆறில் மூன்று ஒரு வருஷத்துக்குள் இருந்தால் அது குடிநோய். அண்ணனுக்கு ஆறும் இருந்தது.

இதில் நாலாவது அடையாளம் என்னை ரொம்ப உலுக்கியது. "எவ்வளவு குடிச்சாலும் ஆளு ஸ்டெடியா இருப்பான்யா" என்று அண்ணனைப் பற்றி ஊரில் பெருமையாகச் சொல்வார்கள், நாங்களும் உள்ளுக்குள் அதை ஒரு ஆறுதலாக வைத்திருந்தோம், நம்மாள் ரோட்டில் விழுந்து கிடப்பதில்லையே என்று. 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. மூன்று குவார்ட்டர் உள்ளே போயும் ஒருவர் நேராக நடக்கிறார் என்றால் அது தைரியம் இல்லை, அவர் மூளை அந்த அளவுக்கு மாறிப்போயிருக்கிறது என்று அர்த்தம். நோய் முற்றுவதை நாங்கள் சாமர்த்தியம் என்று கொண்டாடியிருக்கிறோம்.

பரம்பரையும் உண்டாம். குடிநோய் வருகிற ஆபத்தில் ஏறக்குறைய பாதி மரபணுவால் என்று சொல்கிறார்கள். எங்கள் அப்பா வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிச் செத்தவர். ஆக அண்ணன் முதல் கட்டிங்கைத் தொட்டபோதே மற்ற மூன்று பேரைவிட அவருக்கு ஆபத்து அதிகமாக இருந்திருக்கிறது. வண்டியில் கூடப்போன அந்த மூன்று பேரும் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையோடு நிற்கிறார்கள். மனஉறுதி மட்டும்தான் காரணம் என்றால், அப்பா செத்தபின் பதினெட்டு வயதில் ஒரு குடும்பத்தையே தோளில் தூக்கிய ஆளுக்கா மனஉறுதி இல்லை?

மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. நாட்டில் 5 கோடியே 70 லட்சம் பேருக்குக் குடிப் பிரச்சினைக்காக உதவி தேவைப்படுகிறது, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்று அதில் வருகிறது. மீதி 37 பேர் எங்கே என்று யாரும் என்னைக் கேட்டால் சொல்வேன், எங்கள் வீட்டு மாடி மாதிரி அறைகளில் இருக்கிறார்கள், பூட்டோடும் கயிற்றோடும் அம்மாக்களின் வேண்டுதலோடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு மாதம் ஒரு சொட்டு தொடவில்லை. தீபாவளி அன்று மச்சான் ஒருவர் "ஒரு பியர்தானே" என்றார். பத்து நாளில் பழைய அளவுக்குப் போய்விட்டது. அண்ணி தாலியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வழி சொன்னார்கள். ஒருவர், ராத்திரியில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிப்போகிற மையம் ஒன்று இருக்கிறது, ஆறு மாதம் கட்டிப்போட்டுத் திருத்தி அனுப்புவார்கள் என்றார். சங்கிலி போட்டுக் கட்டுவதை 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமே தடை செய்திருக்கிறது, அந்தச் சட்டத்தில் குடியால் வரும் மனநலப் பாதிப்பும் அடங்கும். நாங்கள் ஒருமுறை பூட்டிப் பார்த்தவர்கள், இன்னொரு பூட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

இன்னொருவர் செய்தது அதைவிட ஆபத்து. மாத்திரை அட்டை ஒன்றை அண்ணி கையில் கொடுத்து, "பொடி பண்ணி சாம்பார்ல கலந்துடு, அவருக்குத் தெரியவே தெரியாது, குடிச்சா வாந்தி எடுத்துட்டு வெறுத்துடுவாரு" என்றார். அது டைசல்பிராம். 1940-களில் கோபன்ஹேகனில் இரண்டு விஞ்ஞானிகள் அதைக் குடற்புழுவுக்கு மருந்தாக்கப் பார்த்து, தாங்களே விழுங்கிச் சோதித்தபோது, அதன்மேல் மது குடித்தால் உடம்பு படுத்தி எடுக்கும் என்று கண்டுபிடித்தார்கள். கல்லீரல் ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடாக மாற்றி, அப்புறம் அதையும் சிதைத்து வெளியேற்றும். இந்த மாத்திரை அந்த இரண்டாவது வேலையை நிறுத்திவிடும், விஷம் உடம்பிலேயே தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி, ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும், இதயம் பலவீனமானவர் செத்தும் போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். நல்ல மருந்துதான், ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் உடம்பைச் சோதித்த பிறகு மட்டும். தெரியாமல் கலந்தால் அது சாம்பாரில் விஷம் வைப்பது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், கூரியரில் பொடி அனுப்புகிற விளம்பரங்களையும் நம்பாதீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

அண்ணி அந்த அட்டையை அண்ணன் முன்னாலேயே வைத்தார். "இதைக் கலக்கச் சொன்னாங்க. நான் கலக்கல. நீங்களா வர்றீங்களா?" அண்ணன் கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டை மாட்டினார்.

இந்த முறை வீட்டில் யாரும் "இன்னிலேருந்து குடிக்காதே" என்று சொல்லவில்லை. டாக்டரைப் பார்க்கிறவரை தானாக நிறுத்த வேண்டாம் என்றோம். அம்மாவுக்கு இதை ஏற்றுக்கொள்வது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். நேராக மனநலப் பிரிவு, முதல் வார்த்தையாகக் கடைசியாகக் குடித்த நேரம், போன முறை வந்த வலிப்பு, டெலிரியம் எல்லாம் சொன்னோம். அதனால் சேர்த்துக்கொண்டு மருந்தை முன்கூட்டியே ஆரம்பித்தார்கள். வலிப்பு வரவில்லை. எறும்பும் வரவில்லை. கொஞ்சம் நடுங்கினார், தூங்கினார், நாலாவது நாள் இட்லி கேட்டார். அதே ஆள், அதே குடி, வித்தியாசம் அவ்வளவுதான். அப்புறம் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் மாத்திரை, மாதம் ஒருமுறை கவுன்சலிங்.

உங்கள் வீட்டில் யாராவது காலையில் கை நடுங்கிக் குடிக்கிறவராக இருந்தால் தயவுசெய்து மொட்டையாக நிறுத்த வைக்காதீர்கள், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண், இரண்டும் இலவசம். பேர் சொல்லத் தயக்கமாக இருந்தால் சொல்லாமலே விஷயத்தை மட்டும் கேளுங்கள்.

ஒரு வருஷம் ஆகப்போகிறது. வியாழக்கிழமை தோறும் சாயந்திரம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அண்ணன் பாண்டிச்சேரியில் ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறார். 1935-ல் அமெரிக்காவில் குடியில் தவித்த இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதில் ஆரம்பித்த இயக்கம் அது. சந்தா கிடையாது, ஊர் பேர் கேட்க மாட்டார்கள். குடும்பத்தினருக்குத் தனியாக அல்-அனான் உண்டு, அண்ணி அதற்குப் போகிறார். ஆனால் கூட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் பஸ் அந்த ரோட்டில்தான் போகும், முள்ளோடை வழியாக, இப்போது ஷட்டர் திறந்து லைட் எரிகிற நேரத்தில். எப்படிச் சமாளிக்கிறீங்க என்று கேட்டேன். "ரெட்டிச்சாவடில கண்ணை மூடிக்குவேன் பாப்பா. கண்டக்டர்கிட்ட, அரியாங்குப்பம் பாலம் வந்தா எழுப்புங்கன்னு சொல்லிடுவேன்" என்றார்.

போன வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். ரெட்டிச்சாவடி வந்ததும் சன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, சொன்ன மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். முள்ளோடையில் பஸ் ரொம்ப நேரம் நின்றது. அரியாங்குப்பம் பாலம் ஏறும்போது "அண்ணா, வந்துடுச்சு" என்று கையைத் தொட்டேன். தூங்கவே இல்லை அவர். உள்ளங்கை முழுக்க வியர்த்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை.